இரு கைம்பெண்களும் ஒரு சுரங்கமும்: லிய்யோவின் லோத்தாக் கதைகளும் தமிழ் மொழிபெயர்ப்பின் திணைச் சிக்கலும்

1. முன்னுரை

சிலி நாட்டில் கன்செப்சியோன் நகருக்குத் தெற்கே, அரவுக்கோ வளைகுடாவை ஒட்டி அமைந்த ஊர் லோத்தா. அதன் நிலக்கரிச் சுரங்கங்கள் கடலின் அடித்தரைக்குக் கீழே நீண்டு சென்றவை. இவ்வூரைப் பற்றி 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் தோன்றிய எழுத்துகளுள் இரு போக்குகள் தெளிவாகத் தெரிகின்றன. ஒன்று, சுரங்கத்தின் உரிமையாளராகிய செல்வக் கைம்பெண்ணை நடுவில் நிறுத்துவது. மற்றொன்று, அச்சுரங்கத்தில் உழைத்தோரை நடுவில் நிறுத்தி, உரிமையாளரைக் காட்டாமலே விடுவது. இரண்டாவது போக்கின் சிறந்த சான்று, பால்தொமேரோ லிய்யோ 1904இல் வெளியிட்ட 'சுப் தெர்ரா' என்னும் சிறுகதைத் தொகுதியாகும். இலத்தீனில் அமைந்த இத்தலைப்பிற்கு 'மண்ணுக்குக் கீழே' என்பது பொருள்.

இக்கதைகளில் உரிமையாளர் தோன்றாமை கதைப்பொருளின் அளவில் முடிந்துவிடும் செய்தி அன்று. அது தொடரமைப்பிலும் வேரூன்றியது. ஸ்பானிய மொழியில் அது எளிதில் அமைந்துவிடுகிறது. தமிழில் திணை, பால் காட்டும் வினைமுற்று அதனை ஒவ்வொரு தொடரிலும் கேள்விக்கு உள்ளாக்குகிறது. இக்கேள்விக்கு மொழிபெயர்ப்பாளர் அளிக்கும் விடையே கதையின் நீதியைத் தீர்மானிக்கிறது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

2. லோத்தாவின் உரிமையாளர்

லோத்தாவில் நிலக்கரித் தொழிலை 1852இல் பெரிய அளவில் தொடங்கியவர் மத்தியாஸ் கௌசீஞோ. இப்பெயரின் ஈற்றில் உள்ள ஸ்பானிய மெல்லொலியைத் தமிழ் ஞகரம் பிழையின்றிக் காட்டுவது குறிப்பிடத்தக்கது. மத்தியாஸ் 1863இல் இறந்தார். அவருக்குப் பின் அவருடைய மகன் லூயிஸ் தொழிலை நடத்தினார். லூயிஸின் மனைவி இசிதோரா கோயெனெச்சேயா (1836–1897). இவர் சிலியின் வடபகுதியில் வெள்ளிச் சுரங்கங்களால் செழித்த கொப்பியாப்போவைச் சேர்ந்த குடும்பத்தில் பிறந்தவர். இவருடைய தாயார் கணவரை இழந்தபின் மத்தியாஸை மணந்திருந்தார். எனவே இசிதோராவும் லூயிஸும் திருமணத்திற்கு முன்னரே ஒரே இல்லத்தோடு தொடர்புடையவர்கள். வடக்கின் வெள்ளியும் தெற்கின் நிலக்கரியும் ஒரு குடும்பத்தில் சேர்ந்த வரலாறு இது.

லூயிஸ் 1873இல் மறைந்தார். அதுமுதல் தாம் பாரிஸில் காலமான 1897 வரை, ஏறத்தாழ 24 ஆண்டுகள், குடும்பத் தொழிலின் தலைமை இசிதோராவிடம் இருந்தது. கணவர் தொடங்கிய லோத்தாப் பூங்காவை அவர் விரிவுபடுத்தினார். சந்தியாகோவில் கௌசீஞோ மாளிகை 1878இல் முடிவுற்றது. சுரங்கங்களுக்கு மின்னாற்றல் வழங்கக் கட்டப்பட்ட சிவிலிங்கோ நீர்மின் நிலையம் அவர் இறந்த ஆண்டாகிய 1897இல் இயங்கத் தொடங்கியது. தென்னமெரிக்காவின் மிகப் பழைய நீர்மின் நிலையங்களுள் அதுவும் ஒன்று.

லிய்யோ 1867இல் லோத்தாவில் பிறந்தவர். கம்பெனியின் பண்டகசாலையில் எழுத்தராகப் பணியாற்றியவர். இசிதோரா தலைமை ஏற்றபோது லிய்யோவுக்கு ஆறு வயது. அவர் மறைந்தபோது முப்பது. ஆகவே கதாசிரியரின் சுரங்க அனுபவம் முழுவதற்கும் பின்புலமாக இருந்தது இக்கைம்பெண்ணின் உடைமைக்காலமே. இருந்தும் 1904ஆம் ஆண்டுத் தொகுதியின் எட்டுக் கதைகளுள் எதிலும் அவர் ஒரு பாத்திரமாக வரவில்லை. தம் வாழ்நாள் முழுதும் கேட்டுப் பழகிய ஒரு பெயரை ஆசிரியர் எழுதாமல் விட்டது தற்செயல் எனக் கொள்ள இயலாது.

3. பயணநூலின் எழுவாய்

1888இல் வெளிவந்த ஓர் அமெரிக்கப் பயணநூல் ஒப்புநோக்கத்தக்கது. வில்லியம் எலராய் கர்ட்டிஸ் ஸ்பானிய அமெரிக்கத் தலைநகரங்களைப் பற்றி எழுதிய அந்நூலில் இசிதோராவின் செல்வம் வியப்புடன் விவரிக்கப்படுகிறது. நிலம், கால்நடை, சுரங்கம், கப்பல், மாளிகை எனப் பட்டியல் நீள்கிறது. இத்தகைய விவரிப்பின் தொடர்களில் ஆறாம் வேற்றுமையே ஆட்சி செலுத்துகிறது. அவருடைய சுரங்கம், அவருடைய கப்பல் என்று உடைமைப்பொருள் ஒவ்வொன்றும் உடையவரைச் சுட்டியே நிற்கிறது. நிலக்கரி எவ்வாறு வெளியே வந்தது என்னும் வினைக்கு இங்கு இடமில்லை. 'உடையவர்' எழுவாயாக, 'உடைமை' பயனிலையாக அமையும் தொடரில் 'வெட்டினான்', 'சுமந்தான்' போன்ற வினைகள் நுழைய வழியில்லை.

லிய்யோவின் கதைகளில் நிகழ்வது இதன் நேர்மறுதலை. வெட்டுதல், தள்ளுதல், சுமத்தல், இறத்தல் ஆகிய வினைகள் அனைத்திற்கும் எழுவாய் உண்டு. ஆறாம் வேற்றுமைக்கு மட்டும் உடையவர் இல்லை. இவ்விரு நூல்களையும் அருகருகே வைத்துப் படிக்கும்போதே லோத்தாவின் வாக்கியம் முழுமை பெறுகிறது எனலாம்.

4. கதைகளின் எழுவாய்

'பன்னிரண்டாம் எண் கதவு' என்னும் கதையில் எட்டு வயதுப் பாப்லோவைத் தந்தை சுரங்கத்திற்குள் அழைத்து வருகிறார். காற்றோட்டத்தை நெறிப்படுத்தும் கதவைத் திறந்து மூடுவது அவனுக்குரிய வேலை. முதிய மேற்பார்வையாளர் சிறுவனைக் கண்டு இரங்குகிறார். எனினும் வேலை தருகிறார். அச்சத்தால் வீட்டுக்குப் போக வேண்டும் என்று அழும் மகனைத் தந்தையே கயிற்றால் பாறையில் பிணைத்துவிட்டுத் தம் வெட்டுமுகத்திற்குச் செல்கிறார். கதையில் கொடியவன் என்று எவரும் இல்லை. இரங்குபவரும் அன்பு செலுத்துபவருமே கொடுமையைச் செய்து முடிக்கின்றனர்.

'சம்பளம்' என்னும் கதையில் மாதம் முழுவதும் உழைத்தவன் கணக்குப் பார்க்கும் சாளரத்தின் முன் கடனாளியாக நிற்கிறான். 'எரிவளி' என்னும் கதையில் கொடுமையின் உருவமாக வருபவர் மிஸ்டர் டேவிஸ் என்னும் அயல்நாட்டுப் பொறியாளர். அவரும் சம்பளம் பெறும் பணியாளரே. மேற்பார்வையாளர், எழுத்தர், பொறியாளர் என்று அதிகாரப் படிகளில் மேலே செல்லச் செல்ல, இறுதிப் படியில் மனிதர் எவரும் இல்லை. அங்கு இருப்பது கம்பெனி என்னும் சொல் மட்டுமே.

ஸ்பானிய இலக்கணம் இதற்குத் துணைசெய்கிறது. அம்மொழியின் வினைமுற்று இடத்தையும் எண்ணையும் காட்டும். பாலையும் திணையையும் காட்டாது. எழுவாயைத் தொக்க வைத்தும் எழுதலாம். ஆகவே 'கட்டளையிட்டது', 'கட்டளையிட்டார்', 'கட்டளையிட்டாள்' ஆகிய மூன்றுக்கும் அம்மொழியில் ஒரே வடிவம் போதும். மேலும் கம்பெனியைக் குறிக்கும் ஸ்பானியப் பெயர்ச்சொல் இலக்கணப் பாலால் பெண்பால். கடல், நிலவு முதலியவற்றுக்கும் பால் வகுக்கும் மொழியில் இதற்குத் தனிப்பொருள் கற்பிப்பது மிகை. ஆயினும் உண்மையான உரிமையாளர் ஒரு பெண்ணாக இருந்த காலத்தில், பெண்பால் அடைச்சொல் பெற்ற ஒரு பெயர் அவரைக் காட்டாமலே அவருக்கு இடம் வைத்திருந்தது என்பதை லோத்தாவின் வாசகர் உணர்ந்திருக்கக் கூடும்.

5. தமிழில் திணைத் தேர்வு

தமிழ் மொழிபெயர்ப்பாளருக்கு இவ்வசதி இல்லை. அவர் எழுதும் ஒவ்வொரு முற்றுவினையும் திணையைச் சொல்லியே தீர வேண்டும். அவர்முன் நான்கு வழிகள் உள்ளன.

முதலாவது, 'முதலாளியம்மா கூலியைக் குறைத்தார்' என்பது போல் உரிமையாளரை வெளிப்படையாகக் கொண்டுவருவது. வரலாற்றுச் செய்தியை அறிந்த மொழிபெயர்ப்பாளருக்கு இது கவர்ச்சியானது. ஆனால் கதை மறைத்ததை இது வெளிப்படுத்திவிடுகிறது. அமைப்பின் கொடுமை ஒரு தனிப்பெண்ணின் கொடுமையாகச் சுருங்கிவிடும். பணக்காரக் கைம்பெண்ணை வன்னெஞ்சினளாகக் காட்டும் பழக்கப்பட்ட கதைமரபுக்குள் லிய்யோ அடைபட்டுப் போவார்.

இரண்டாவது, 'கூலி குறைக்கப்பட்டது' என்னும் செயப்பாட்டுவினை. செய்தித்தாள் மொழிபெயர்ப்புகளின் வழியாகத் தமிழில் பெருகிய இவ்வழக்கு நடுநிலைத் தோற்றம் உடையது. அதனாலேயே இங்கு அது பொருந்தாது. லிய்யோவிடம் உரிமையாளரின் முகம் இல்லையே தவிரச் செய்பவர் இல்லாமல் இல்லை. செயப்பாட்டுவினை செய்பவரையே துடைத்துவிடுகிறது. கூலிக் குறைப்பை மழை பொய்த்தது போன்ற இயற்கை நிகழ்வாக்கிவிடுகிறது.

மூன்றாவது, 'கூலியைக் குறைத்துவிட்டார்கள்' என்னும் சுட்டில்லாப் பலர்பால் முற்று. இது பேச்சுத் தமிழுக்கு மிக நெருக்கமானது. தொழிலாளர் தமக்குள் பேசிக்கொள்ளும் உரையாடற் பகுதிகளுக்கு இதுவே உகந்தது. பேசுவோர் தமக்கு மேலுள்ள அனைவரையும் ஒரே கூட்டமாக உணர்வதை இம்முற்று காட்டிவிடும். ஆசிரியர் கூற்றில் இதனை ஆளும்போது, மனிதர் சிலர் கூடி முடிவெடுத்தனர் என்னும் பொருள் புகுந்துவிடுகிறது.

நான்காவது, 'கம்பெனி கூலியைக் குறைத்தது' என்பது. செய்வினை உண்டு, எழுவாய் உண்டு, ஆனால் எழுவாய் அஃறிணை. செய்தது யார் என்பதும் அதற்கு முகம் இல்லை என்பதும் ஒரே தொடரில் வெளிப்படுகின்றன. ஆசிரியர் கூற்றுக்கு இதுவே மிகப் பொருத்தமானது.

இதற்குத் தமிழ் இலக்கண மரபிலேயே இடமிருக்கிறது. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் கிளவியாக்கம், உயர்திணைப் பொருளைக் குறித்தும் அஃறிணை முடிபு கொள்ளும் சில சொற்களைத் தொகுத்துக் கூறுகிறது. அரசு, குழு, அடிமை, மகவு, குழவி ஆகியன அப்பட்டியலில் இடம்பெறுவன. இது பொருளின் உயர்வு தாழ்வு பற்றிய மதிப்பீடு அன்று. சொல்லின் இயல்பு பற்றிய விதி. ஆயினும் ஆள்வதைக் குறிக்கும் சொல்லும், கூட்டத்தைக் குறிக்கும் சொல்லும், அடிமையையும் குழந்தையையும் குறிக்கும் சொற்களும் ஒரே முடிபு கொள்வது லிய்யோவை மொழிபெயர்ப்பவருக்குப் பெரிதும் பயன்படும் செய்தி. கம்பெனியும் பாப்லோவும் தமிழில் ஒரே முற்றுவினை வடிவத்தைப் பெற முடியும். ஒன்று மனிதரைக் கடந்துவிட்டது. மற்றொன்று மனிதராக இன்னும் எண்ணப்படாதது.

கம்பெனி என்னும் சொல்லுக்கும் தமிழில் ஒரு வரலாறு உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியைக் குறிக்கக் 'கும்பினி' என்றும், ஆர் ஈறு சேர்த்துக் 'கும்பினியார்' என்றும் மக்கள் வழங்கினர். ஒரு வணிக நிறுவனத்தை ஆளும் மனிதராகவே கண்ட காலத்தின் பதிவு அது. லோத்தாக் கதைகளுக்குக் கும்பினியார் என்னும் வடிவம் ஏலாது. அது இந்திய வரலாற்றை உடன் இழுத்து வரும். 'நிறுவனம்' என்பது அலுவலகத் தமிழின் மணமுடையது. கூலியாளின் வாயில் இயல்பாக வருவது 'கம்பெனி' என்பதே.

பாப்லோவின் கதையில் திணைத் தேர்வு இன்னும் நுட்பமாகப் பயன்படும். தமிழில் 'குழந்தை அழுதது' என்பதும் 'பையன் அழுதான்' என்பதும் இருவேறு உறவுகளைக் காட்டுகின்றன. முன்னது கனிவு, பின்னது ஆளாகிவிட்டான் என்னும் ஏற்பு. மேற்பார்வையாளர் இரங்கிக் கேட்கும் இடத்தில் 'குழந்தை' என்றும் அஃறிணை முடிபும் வரலாம். தந்தையின் மறுமொழியில் 'அவன்' என்றே வர வேண்டும். ஏனெனில் எட்டு வயது நிரம்பியவன் தன் உணவைத் தானே ஈட்ட வேண்டும் என்பதே அவர் வாதம். மகனின் குழந்தைமையைத் தந்தை மறுக்க நேர்ந்த அவலம், ஸ்பானியத்தில் சொற்பொருளால் மட்டும் உணரப்படுவது, தமிழில் வினையீற்றிலேயே புலப்படும். மொழிபெயர்ப்பில் இழப்பு மட்டுமன்றிப் பேறும் உண்டு என்பதற்கு இது சான்று.

'செயலிழந்தோர்' கதையில் நெடுங்காலம் சுரங்கத்துள் உழைத்த தியமாந்தே என்னும் குதிரை மேலே கொண்டுவரப்பட்டுச் சாகவிடப்படுகிறது. ஆசிரியர் கூற்றில் அதற்கு அஃறிணை முடிபே முறை. ஆனால் அக்குதிரையில் தம் முடிவைக் கண்டு பேசும் முதிய தொழிலாளியின் வாயில் 'அவன்' என்று வருவது தகும். உழவர் தம் எருதை 'அவன்' என்று குறிப்பது தமிழ் வழக்கே. இதனைத் திணை வழுவமைதி எனக் கொள்ளலாம்.

6. கைம்பெண் என்னும் சொல்

'சாத்தானின் சிஃப்லோன்' என்னும் கதையில் மரியா தே லோஸ் ஆங்கெலெஸ் என்னும் தாய் வருகிறாள். கணவனையும் மக்கள் இருவரையும் சுரங்கத்தில் இழந்தவள். எஞ்சிய ஒரே மகன் வேறு வேலை கிடைக்காமையால், கூரை சரிந்து விழும் ஆபத்துள்ள பகுதியில் வேலையை ஏற்று, அதனைத் தாயிடம் மறைக்கிறான். விபத்துக்குப்பின் மகனின் உடலைக் கண்ட தாய் சுரங்கத் துளையுள் வீழ்ந்து மடிகிறாள்.

இசிதோராவும் இத்தாயும் ஸ்பானிய மொழியில் ஒரே சொல்லால் சுட்டப்படுவர். சட்டமும் அச்சொல்லுக்கு ஒரு பொருளைத் தந்திருந்தது. சிலியின் குடிமைச் சட்டத் தொகுப்பு 1855இல் பிறப்பிக்கப்பட்டு 1857இல் நடைமுறைக்கு வந்தது. அதனை யாத்தவர் அந்திரேஸ் பெய்யோ. 1847இல் வெளிவந்த புகழ்பெற்ற ஸ்பானிய இலக்கணத்தின் ஆசிரியரும் அவரே. அச்சட்டத்தின்படி மணமான பெண்ணின் சொத்து கணவனின் ஆளுகைக்கு உட்பட்டது. கணவன் இறந்தபின் அவ்வாளுகை நீங்கி, அவள் தன் பெயரிலேயே ஒப்பந்தம் செய்யும் தகுதி பெற்றாள். அதாவது, செல்வர் வீட்டில் கைம்மை என்பது சட்டநோக்கில் ஓர் ஆற்றல்.

தமிழில் விதவை, கைம்பெண் என்னும் சொற்கள் சுமக்கும் பொருள் வேறு. அவை உரிமை இழப்பையும் நோன்பையும் நினைவூட்டுவன. இந்தியாவில் இந்துக் கைம்பெண்ணுக்கு 1937ஆம் ஆண்டுச் சட்டம் வரையறைக்குட்பட்ட உரிமையையே தந்தது. முழுவுரிமை 1956ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டத்தால் வந்தது. எனவே இசிதோராவை 'விதவை' என்று மட்டும் எழுதினால் தமிழ் வாசகர் அவரது இழப்பைக் காண்பர், அதிகாரத்தைக் காணார். வரலாற்று எழுத்தில் 'கணவருக்குப் பின் உரிமை ஏற்றவர்' என்று விரித்துரைப்பதே தெளிவு தரும்.

மரியாவுக்குக் 'கைம்பெண்' பொருந்தும். 'தாலியறுத்தவள்' என்பது கூடாது. அங்கு இல்லாத வழக்கத்தை அது புகுத்திவிடும். அவளது இறுதிச் செயலை எழுதும்போதும் எச்சரிக்கை தேவை. புறநானூற்றில் பூதபாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு தீப்பாய்ந்ததை அறிந்த தமிழ் வாசகர், இதனையும் கற்பின் வழிப்பட்ட செயலாகக் கொள்ளக் கூடும். மரியா கணவன் இறந்தபோது இறக்கவில்லை. மக்கள் இருவரை இழந்தபோதும் இறக்கவில்லை. சுரங்கத்திற்குக் கொடுக்க இனி எவரும் இல்லாத நிலையில் வீழ்கிறாள். உயர்நடைச் சொற்களால் அச்செயலைப் போற்றும் மொழிபெயர்ப்பு கதையைத் திசைதிருப்பிவிடும்.

தாயம் என்னும் பழஞ்சொல்லும் இங்கு எண்ணத்தக்கது. செல்வக் கைம்பெண்ணுக்குச் சுரங்கம் தாயமாக வந்தது. ஏழைக் கைம்பெண்ணின் வீட்டில் தாயமாக இறங்கியது சுரங்க வேலை. அதனை ஏற்றவர்கள் மகன்கள். இரண்டும் ஒரே சுரங்கத்தின் வாரிசுரிமைகள்.

7. தொழிற்சொற்கள்

சிஃப்லோன் என்னும் சொல் குறுகிய வழியில் பாயும் காற்றையும், சுரங்கத்துள் சரிந்து இறங்கும் வழியையும் குறிக்கும். 'சாய்சுரங்கம்' என்றால் காற்று விடுபடும். 'காற்றுப்புழை' என்றால் சரிவு விடுபடும். தலைப்பில் மூலச் சொல்லை வைத்து, கதையினுள் 'சரிவுவழி' என ஆள்வது நல்லது. மேற்பார்வையாளரைக் 'கங்காணி' என்பதும் சரியன்று. கங்காணி தோட்டத்திற்கு ஆள் சேர்த்து, அவர்களைத் தம் கடனில் கட்டிவைத்தவர். லிய்யோவின் மேற்பார்வையாளர் கம்பெனியின் பணியாள் மட்டுமே. 'மேஸ்திரி' ஓரளவு பொருந்தும். 2001இல் மூடப்பட்ட கோலார் தங்கவயலில் தலைமுறைகளாக உழைத்த தமிழரின் பேச்சுவழக்கு, ஆழ்சுரங்கக் கதைகளை மொழிபெயர்ப்போர்க்கு நெருங்கிய களஞ்சியம். அதனைத் தொகுப்பது அகராதிப் பணியாகவும் அமையும்.

8. முடிவுரை

லோத்தாச் சுரங்கம் 1997ஆம் ஆண்டு ஏப்ரலில் மூடப்பட்டது. பூங்கா உரிமையாளரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. பிற்காலத்தில் பார்வையாளருக்குத் திறந்துவிடப்பட்ட சுரங்கப் பகுதி லிய்யோவின் கதைத் தலைப்பால் வழங்கப்படுகிறது. பயணநூலும் சிறுகதையும் வெவ்வேறு எழுவாய்களைத் தேர்ந்தது போலவே ஊரும் தன் நினைவை இரு பெயர்களில் வைத்திருக்கிறது.

மேற்கண்ட ஆய்வால் பெறப்படுவன இவை: லிய்யோவின் கதைகளில் உரிமையாளரின் இன்மை காக்கப்பட வேண்டிய ஒரு கூறு, அதனைப் பெயர்சுட்டி நிரப்புவதும், செயப்பாட்டுவினையால் அழிப்பதும் ஒருசேரத் தவறு. ஆசிரியர் கூற்றில் அஃறிணை எழுவாயும் செய்வினையும், உரையாடலில் சுட்டில்லாப் பலர்பாலும் என்னும் பங்கீடு அவ்வின்மையைத் தமிழில் நிலைநிறுத்தும். கைம்பெண்ணைக் குறிக்கும் சொற்களை, சட்டமும் வழக்கமும் அவற்றுக்குத் தரும் பொருளை அறிந்தே ஆள வேண்டும். கூலியைக் குறைத்தது யார் என்று தமிழ் வாசகர் கேட்கும்படி மொழிபெயர்ப்பு அமையுமாயின், லிய்யோ எழுதாமல் விட்ட பெயர் தன் வேலையைத் தமிழிலும் செய்துவிடும்.